பிரான்சில் வணிகப் படிப்பு: பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு எட்டுமா?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும். லயத்து வீடாகட்டும், தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய தாமான் வீடாகட்டும், ஒரே பேச்சுதான். "அடுத்து இந்தப் பிள்ளையை என்ன படிக்க வைக்கிறது?" டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்ற மூன்று சொல்லோடு முடிந்துபோன பட்டியல் இன்று நீண்டுவிட்டது. அதில் புதிதாகச் சேர்ந்திருப்பது அனைத்துலக வணிகம். அதையும் பிரான்ஸ் நாட்டில் போய்ப் படிக்கலாம் என்று கல்விக் கண்காட்சிகளில் வண்ண வண்ணத் தாள்களை நீட்டுகிறார்கள்.

"பிரான்சாம்ல! அதெல்லாம் துரைமார் வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற படிப்புங்க. நமக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்று ஒரு தகப்பனார் கேட்கிறார். "பிள்ளை ஆசைப்படுது. தாலிக்கொடியை வித்தாவது அனுப்பிட மாட்டோமா?" என்று தாயார் கேட்கிறார். இருவர் கேள்வியும் நியாயமானவையே. இருவருக்கும் சேர்த்தே இவ்வாரம் பதில் சொல்லப் பார்ப்போம்.

பிரான்ஸ் நமக்கு அந்நியமா?

முதலில் தகப்பனார் கேள்விக்கு வருவோம். பிரான்சுக்கும் நம் வேலைக்காட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த ஆன்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டவரும் அவரே. இந்நாட்டில் வியாபாரத்துக்காகப் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். இன்று நாடு முழுதும் குலை தள்ளி நிற்கும் செம்பனைக் காட்டுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. அதன் பெயரே நம் தமிழ்ப் பெயர்! தம் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு கிடைத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். 1889இல் கிளேர்மோன் பெரான் என்ற பிரெஞ்சு நகரில் மிஷலின் டயர் கம்பெனி தொடங்கப்பட்டது. உலகில் சீவப்படும் ரப்பர் பாலில் பெரும்பகுதி கடைசியில் டயராகத்தான் உருளுகிறது. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பாட்டன் பாட்டி சீவிய பாலுக்கும் பிரெஞ்சுத் தெருவில் ஓடிய காருக்கும் நடுவே ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. அந்தச் சங்கிலியின் ஒரு முனையைத்தான் நாம் பார்த்தோம். மறுமுனையைப் பார்க்கவும் புரிந்துகொள்ளவும் சொல்லித் தருவதே அனைத்துலக வணிகப் படிப்பு.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

ஒரு டன் ரப்பர் நம் நாட்டிலிருந்து பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகம் போவதாக வைத்துக்கொள்வோம். கப்பல் கூலி யார் கட்டுவது? நடுக்கடலில் சரக்கு நனைந்து போனால் நட்டம் யார் தலையில்? வாங்குகிறவன் பணம் அனுப்பாமல் ஏமாற்றினால்? வெள்ளியின் மதிப்பு திடீரென்று ஏறினால், இறங்கினால்? இத்தனை கேள்விக்கும் விடை கற்பதுதான் இந்தப் படிப்பு.

ரப்பர் விலைப் பட்டியலில் 'எப்.ஓ.பி.' என்ற மூன்றெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைதான் விற்கிறவன் பொறுப்பு, அதற்குப் பின் வாங்குகிறவன் பொறுப்பு என்பது அதன் பொருள். இத்தகைய விதிகளுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். இவற்றை 1936இல் முதன்முதலாக வகுத்து வெளியிட்டது பாரிஸ் நகரில் தலைமையகம் கொண்டுள்ள அனைத்துலக வர்த்தகச் சங்கம். 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. உலகத்து வியாபாரிகள் எல்லாரும் இந்தச் சில எழுத்துகளை வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள்.

முதலாண்டில் கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், சந்தைப்படுத்துதல், வணிகச் சட்டம், மொழிகள் ஆகியவை பாடங்களாகும். பிறகு ஏற்றுமதி இறக்குமதி, நிதி, சரக்குப் போக்குவரத்து, பல நாட்டு மக்களோடு பேரம் பேசும் முறை என்று விரிகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் குறைந்தது ஒரு பருவமாவது வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தாக வேண்டும். 'ஸ்தாழ்' எனப்படும் வேலைப் பயிற்சி கட்டாயம். அப்பயிற்சி ஒரே கம்பெனியில் 2 மாதத்துக்கு மேல் போனால் மாணவருக்கு அந்தக் கம்பெனி உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். மதிப்பெண் நூற்றுக்கு அல்ல, இருபதுக்கு. 10 எடுத்தால் தேர்ச்சி, 16 எடுத்தால் மிக நன்று. "என்ன தம்பி, வெறும் 13தானா?" என்று வீட்டில் யாரும் ஏசிவிட வேண்டாம். அங்கே அது நல்ல மதிப்பெண்தான்.

நம் வயிற்றோடு சம்பந்தப்பட்ட படிப்பு

இதெல்லாம் ஏட்டுப் படிப்புதானே என்று எண்ணிவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பாமாயிலில் செய்த எரிபொருளுக்குத் தந்து வந்த வரிச் சலுகையைப் பிரான்ஸ் நிறுத்திக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரான்சும் லித்துவேனியாவும் போட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்து மலேசியா 2021இல் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்திய விதத்தில் சில தவறுகளை நடுவர் குழு சுட்டிக்காட்டியது. ஆனால் அத்தகைய கட்டுப்பாடு விதிக்கும் உரிமையே ஐரோப்பாவுக்கு இல்லை என்று அது சொல்லவில்லை.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், பாமாயில், கோக்கோ, காப்பி, சோயா, மரம், மாட்டிறைச்சி ஆகியவற்றை அங்கே விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று இட அளவோடு காட்டவும் வேண்டும். இச்சட்டம் நடைமுறைக்கு வருவது இருமுறை தள்ளிப் போடப்பட்டது என்றாலும், தோட்டங்களும் சிறுதோட்டக்காரர்களும் அதற்கான தாள்களைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

குலை வெட்டுகிறவனுக்கும் உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கும் இந்தச் சட்டத்தை யார் விளக்கிச் சொல்வது? விலை இறங்கினால் அதன் காரணம் என்ன என்று பேச்சுவார்த்தை மேசையில் யார் எடுத்துப் பேசுவது? சங்கத்துக்கும் கூட்டுறவுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். சங்கிலியின் இரு முனையையும் அறிந்த ஒருவன், ஒருத்தி, நம் வீட்டிலிருந்தே வரவேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தவறு?

இரண்டு வாசல்கள்

வணிகக் கல்லூரிகளில் பிரான்ஸ் நாடு மூத்தது. பாரிசில் 1819இல் தொடங்கிய இ.எஸ்.சி.பி. கல்லூரியை உலகின் முதல் வணிகக் கல்லூரி என்பார்கள். லெ ஆவ்ர், ரூவான் ஆகிய ஊர்களில் 1871இலும், எச்.இ.சி. 1881இலும், எசெக் 1907இலும் தொடங்கின. எசெக் கல்லூரிக்குச் சிங்கப்பூரிலும் ஒரு வளாகம் உண்டு.

இக்கல்லூரிகளுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசல் பழையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 'பிரெப்பா' என்ற ஆயத்த வகுப்பில் இரண்டு ஆண்டு இரவு பகலாகப் படித்து, கடுமையான போட்டித் தேர்வு எழுதி, அதன் பின் மூன்று ஆண்டு 'கிராந்த் எகோல்' என்ற பெருங்கல்லூரிப் படிப்பு. முடிவில் கிடைப்பது முதுகலைத் தகுதி. இது பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கான வழி.

இரண்டாவது வாசல் பள்ளி முடித்ததும் நேராகச் சேரும் இளங்கலைப் படிப்பு. 3 ஆண்டு அல்லது 4 ஆண்டு. எசெக்கின் உலக வணிக இளங்கலை 4 ஆண்டு. இ.எஸ்.சி.பி.யின் இளங்கலை 3 ஆண்டு. அதற்குள் மூன்று நாட்டு வளாகங்களில் மாறி மாறிப் படிக்கலாம். கிரெனோபிள் நகரக் கல்லூரியில் அனைத்துலக வணிகம் என்ற பெயரிலேயே ஆங்கிலத்தில் இளங்கலை நடக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள்.

எஸ்.பி.எம். மட்டும் வைத்துக்கொண்டு போவது பொதுவாக இயலாது. நம் நாட்டில் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி தரும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ லெவல் போன்ற ஒன்று வேண்டும். ஆங்கிலத் தேர்வுச் சான்றும் கேட்பார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்

இவ்விடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிரான்சில் இளங்கலைக்கு அரசாங்கம் தரும் தேசியப் பட்டத்தின் பெயர் 'லிசான்ஸ்'. 'பேச்சலர்' என்ற சொல்லுக்கு அங்கே அப்படிப்பட்ட காவல் இல்லை. தனியார் நிலையம் எதுவும் தன் படிப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். கட்டடம் பளபளவென்று இருக்கும், தாள் வழவழவென்று இருக்கும். படித்து முடித்து வந்தபின் அந்தப் பட்டத்தைக் கொண்டு மேற்படிப்புக்குப் போக முடியாமல் பிள்ளை தடுமாறும்.

ஆகவே கல்லூரியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிரெஞ்சுக் கல்வி அமைச்சு உங்கள் பட்டத்துக்கு 'விசா' என்னும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா? (இது பயண விசா அல்ல, படிப்புக்குத் தரும் முத்திரை.) 2020 முதல் நல்ல வணிக இளங்கலைகளுக்குக் கொடுக்கப்படும் 'லிசான்ஸ் தரம்' உங்களுக்கு உண்டா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். திரும்பி வந்து அரசாங்க வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே எம்.கியூ.ஏ.விடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஏஜண்டு எல்லாத்தையும் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாருங்க" என்று நம்பி முன்பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஏஜண்டு பார்ப்பது தம் கமிஷனை. பிள்ளையின் எதிர்காலத்தை நாம்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தூதரகத்தோடு சேர்ந்த 'கம்பஸ் பிரான்ஸ்' அலுவலகத்தில் நேரடியாகவே விவரம் கேட்கலாம்.

வெள்ளிக் கணக்கு

இனித் தாயார் கேள்விக்கு வருவோம். தாலிக்கொடியை விற்றால் போதுமா?

நல்ல தனியார் வணிகக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் 10,000 யூரோவைத் தாண்டும். பெயர்பெற்றவற்றில் இன்னும் அதிகம். கணக்குக்காக 12,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 1 யூரோவுக்கு 5 வெள்ளி என்று எளிதாகக் கணக்கிட்டால் 60,000 வெள்ளி. மாதம் 615 யூரோ செலவுக்குக் கையில் இருப்பதைக் காட்டச் சொல்வது மாணவர் விசாவுக்கு நீண்ட நாள் வழக்கம். ஓராண்டுக்கு அது 7,380 யூரோ, அதாவது 36,900 வெள்ளி. பாரிசில் அந்தத் தொகைக்கு அறை வாடகை கொடுத்துச் சாப்பிடுவது சிரமம். ஆக ஓராண்டுக்கு 96,900 வெள்ளி. மூன்று ஆண்டுக்கு 290,700 வெள்ளி. விமானக் கட்டணம், குளிருக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் தனி.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. அதன்படி ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20,400 வெள்ளி. மூன்றாண்டுப் படிப்புக்கான தொகை அவருடைய 14 ஆண்டுச் சம்பளம். உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தால்தான் அதுவும்! இந்த உண்மையைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் புரிந்துகொள்ளாத பிள்ளைகள் அல்லர் நம் பிள்ளைகள்.

"அங்கே போய் வேலை செய்துகிட்டே படிச்சிடுவேன்ப்பா" என்று சொல்லும். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது உண்மை. ஆனால் பிரெஞ்சு பேசத் தெரியாத பிள்ளைக்கு வேலை லேசில் கிடைக்காது. கிடைக்கும் கூலி சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் துணையாகுமே தவிர, கட்டணத்தைக் கட்டாது.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கானது. ஈ.பி.எப். சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்க வழி உண்டு. ஆனால் அது உங்கள் வயோதிகக் காலத்துச் சோறு என்பதை மறந்துவிடக் கூடாது. வட்டிக்காரனிடம் போய்க் கை நீட்டவே கூடாது. பிள்ளை முதல் சம்பளம் வாங்குமுன் வட்டி முதலையும் மென்றுவிடும்.

சிக்கனமான வழிகள் இல்லையா?

இருக்கின்றன. வண்ணத் தாளில் அவை அச்சாவதில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, பிரெஞ்சு அரசாங்கப் பல்கலைக்கழகம். அங்கேயும் வணிகம் கற்பிக்கும் ஐ.ஏ.இ. எனப்படும் மேலாண்மைக் கழகங்கள் உண்டு. 2021 முதல் தொழில்நுட்பக் கழகங்களில் வணிகத்துக்கான மூன்றாண்டு இளங்கலையும் வந்திருக்கிறது. ஐரோப்பியர் அல்லாத மாணவருக்கு இளங்கலைக் கட்டணம் 2025-26ஆம் ஆண்டில் 2,895 யூரோ. தனியார் கல்லூரியில் கேட்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆனால் ஒரு நிபந்தனை. பாடம் பெரும்பாலும் பிரெஞ்சில் நடக்கும். பி2 என்ற நிலை வரை மொழி தெரிய வேண்டும்.

இரண்டாவது, உள்ளூரிலேயே படித்து ஒரு பருவம் அங்கே போய் வருவது. 1984இல் தொடங்கப்பட்டு இன்று சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் வணிகப் படிப்புகள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களுக்கு இடையே மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டு அங்கே போய்ப் படிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் கீழ் சில பரிமாற்றங்களுக்குச் செலவுத் தொகையும் கிடைக்கிறது.

மூன்றாவது, இளங்கலையை இங்கே முடித்து முதுகலைக்கு அங்கே போவது. பிரெஞ்சு அரசாங்கத்தின் ஐபெல் உதவிச் சம்பளம் 1999இல் தொடங்கப்பட்டது. அது முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும்தான், இளங்கலைக்குக் கிடையாது. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேட ஓராண்டு அனுமதியும் முதுகலை முடித்தவர்களுக்கும் தொழில்சார் லிசான்ஸ் பெற்றவர்களுக்கும் உரியது. மூன்றாண்டு சாதாரண இளங்கலை முடித்தவர் அதை நம்பியிருக்க முடியாது. "படிச்சு முடிச்சு அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைச்சிடலாம்" என்று கணக்குப் போடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் கணக்குக்கு மூன்றாவது வழியே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது எனலாம். முழுச் சுமையையும் 18 வயதில் தூக்காமல், பட்டம் ஒன்று கையில் இருக்கும்போது உதவிச் சம்பளத்தோடு போவது புத்திசாலித்தனம்.

இப்போதே செய்யக் கூடியவை

படிவம் மூன்று, நான்கில் படிக்கும் பிள்ளைகள் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். வணிகப் படிப்புக்கு இரண்டும் இரு கால்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள அலியான்ஸ் பிரான்சேசில் பிரெஞ்சு கற்கலாம். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வளர்ந்த நம் பிள்ளைக்கு நான்காவது மொழி மலையேறுவது அல்ல. மூன்று மொழி தெரிந்திருப்பதே வணிகத்தில் ஒரு மூலதனம். அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

பெற்றோர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், எம்.ஐ.இ.டி., நீங்கள் உறுப்பியம் வைத்துள்ள தொழிற்சங்கம் ஆகியவற்றில் கல்வி உதவி பற்றிக் கேளுங்கள். விண்ணப்பத் தேதி முடிந்தபின் ஓடுவதில் பயனில்லை. கல்லூரிகளில் தகுதியைப் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்பவையும் உண்டு. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

போகும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் இறங்கிய 3 மாதத்துக்குள் விசாவைப் பதிந்துகொள்ள வேண்டும். 'க்ரூஸ்' எனப்படும் அரசாங்க மாணவர் உணவகத்தில் மலிவாகச் சாப்பிடலாம். மருத்துவக் காப்புறுதியில் மாணவர்கள் இலவசமாகச் சேரலாம். பாரிசில் லா சப்பல் பகுதிக்குப் போனால் இலங்கைத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலையும் கிடைக்கும், தமிழ்ப் பேச்சும் கிடைக்கும்.

பெண் பிள்ளை என்றால் "தூரமா எதுக்கு?" என்று வாசலைச் சாத்திவிடாதீர்கள். இருட்டில் தனியே நிரை பிடித்து மரம் சீவிய தாய்மார் வளர்த்த பெண்கள் அவர்கள். தூரம் அவர்களுக்குப் பெரிதல்ல.

அன்பார்ந்த பாட்டாளிப் பெற்றோரே! ஆசைப்படுவதற்குப் பணம் தேவையில்லை, ஆனால் ஆசையை நிறைவேற்றக் கணக்குத் தேவை. விற்க வேண்டியது தாலிக்கொடியை அல்ல. விட வேண்டியது "நமக்கு எங்கே" என்ற எண்ணத்தையும் "எப்படியாவது" என்ற அவசரத்தையும். நம் வியர்வையை எடைபோட்டு விலை சொல்லும் இடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் தராசைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலிருந்து புறப்படட்டும். நேராகப் போனாலும் சரி, சிந்தோக் வழியாகச் சுற்றிப் போனாலும் சரி, கடனில்லாமல் போய்ச் சேரட்டும்.